முதல் கம்பியில் சின்ன மாமா

அண்ணன் கடைசியாகக் கேட்டது ஒரு பிரஷ்.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அவள் லேபில் ஒரு கீழ்வரிசைப் பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைக்காமலே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். மறுமுனையில் அண்ணனும் அப்படித்தான் பேசிக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஜெராக்ஸ் மெஷின் பழுதுபார்க்கிறவனுக்கு முழங்கை வரை கறுப்புப் பொடி.

"உங்க லேப்ல பல்லுக்கு மெருகு போடுற குட்டி பிரஷ் இருக்குல்ல? சாயங்காலம் வரும்போது ஒண்ணு கொண்டு வா."

"எதுக்கு?"

"இங்க ஒருத்தன் பக்கத்துக்குப் பக்கம் கோடு போடுறான். உள்ள ஏதோ அழுக்கு. என் பிரஷ் நுழைய மாட்டேங்குது." மெஷின்களை அவன் எப்போதும் ஆள் மாதிரிதான் சொல்வான்.

"அண்ணா, அது மனுஷங்க வாய்க்குள்ள போற பல்லுக்கு வச்சிருக்கிற பிரஷ்."

"இவனும் வாயைத் தொறந்துதான் வச்சிருக்கான். கொண்டு வா."

முடியாது என்று சொல்லி போனை வைத்தாள். வைத்துவிட்டு, புது பிரஷ் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மூன்றரை மணிக்கு அண்ணி அழைத்தாள், மருத்துவமனையிலிருந்து. வேலை செய்துகொண்டிருந்த அலுவலகத்தின் மாடிப்படியில் 'ஒரு நிமிஷம்' என்று உட்கார்ந்திருக்கிறான். ஏறி இறங்கியவர்கள் எல்லாரும், ஆள் ஏதோ உதிரிபாகத்துக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறார்கள். நாற்பத்தொன்பது வயது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். சின்ன மாமாவும் வந்தார். அம்மாவின் கடைசித் தம்பி. நடுக்கூடத்தில் உட்கார்ந்து, அண்ணனைப் பற்றிப் பத்து நிமிடம் நல்லதாகவே பேசினார். பொறுப்பானவன், கைசுத்தம், யார் வீட்டில் எது உடைந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பான் என்றெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"என்ன, உடம்பைக் கொஞ்சம் பாத்துட்டு இருந்திருக்கலாம். நாம சொன்னா கேக்கிற ஆளா அவன்?"

அண்ணியின் முகம் சுருங்கியது. தங்கையான அவளுக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பைப் பங்குபோட வேண்டிய ஆளைத் தேடிச் சட்டென்று திரும்பினாள். அவன் உள்ளறையில் படுத்திருந்தான்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். தன் பேச்சுதான் அவளை உருக்கிவிட்டது என்று சின்ன மாமா நினைத்துக்கொண்டு, திரும்பி வந்து அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சிரிப்புக்குக் காரணம் ஒரு ஜெராக்ஸ் தாள்.

அண்ணனுக்குப் பதினாலு வயது, அவளுக்குப் பதினொன்று. அப்பா ஒரு பழைய கிடாரை எங்கிருந்தோ வாங்கி வந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அண்ணன் பள்ளித் தோழன் ஒருவனிடம் புத்தகத்தை இரவல் வாங்கி, அதில் ஒரே ஒரு பக்கத்தை நகலெடுத்து வந்தான். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள். ஆறு கோடு ஆறு கம்பி. எந்தக் கம்பியில் எங்கே விரல் வைக்க வேண்டுமோ அங்கே கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு படமும் ஒரு கார்டு, பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு. ஆனால் நகலெடுத்தவர் தாளைக் கோணலாக வைத்துவிட்டார். படங்களுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தன.

பெயர் இல்லாமல் எப்படிப் பேசுவது? அண்ணன் ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தான். குரலைக் கேட்டுப் பெயர் வைத்தார்கள். ஆறு கம்பியும் சேர்ந்து வீட்டையே அதிரவைத்தது பெரியப்பா. நாலே கம்பியில் உச்சக் குரலில் கத்தியது அத்தை. யாரோடும் ஒத்துப்போனது சித்தி. ஆள்காட்டி விரலை எல்லாக் கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டு, உயிரைக் கொடுத்து அழுத்த வேண்டிய ஒன்று இருந்தது. அவசரத்துக்குக் கைக்கு வரவே வராது. அது மச்சான்.

இன்னொன்று, மேலிருந்து கீழே மீட்டிக்கொண்டு வந்தால் ஐந்து கம்பி வரை அடக்கமாக, அருமையாக இருக்கும். கடைசியாக அந்த மெல்லிய முதல் கம்பி வந்து, சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒன்று சொல்லும். நல்ல சபை கெட்டுப்போகும்.

"சின்ன மாமா!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்து, அண்ணன் ஜெராக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஓடி வந்து அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சின்ன மாமா படத்தில் மூன்று புள்ளிகள். இரண்டு ஒரே அளவு. முதல் கம்பியில் இருந்த மூன்றாவது கொஞ்சம் சிறியது. 'அந்த விரலை மெதுவா அழுத்தணும் போல' என்று பதினாலு வயதில் அவனே அர்த்தம் சொல்லியிருந்தான்.

"இது விரலே இல்ல! மெஷின் கண்ணாடியில இருந்த அழுக்கு!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு, அந்த மூன்றாவது விரலை எடுத்துவிட்டு வாசித்துப் பார்த்தார்கள். உலகமெல்லாம் ஈ மைனர் என்று சொல்கிற சாதாரண கார்டு. சோகமாக, ஒழுங்காக, குறையில்லாமல் ஒலித்தது.

"யார் இவரு?" என்றான் அண்ணன். விரலைத் திரும்ப வைத்துக்கொண்டான்.

அதற்குள் 'நிக்காத பஸ்' பாட்டும் வந்துவிட்டிருந்தது. அண்ணன் எழுதி, இரண்டு பேரும் மெட்டுப் போட்ட ஒரே பாட்டு. 'நான் கை காட்டி நின்னேன், அது கை காட்டிப் போச்சு' என்று வரும். அந்தப் 'போச்சு'வில்தான் சின்ன மாமா உட்கார்ந்திருப்பார்.

அவள் கிடாரை விட்டதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. முப்பது வயதில் குழந்தை, வேலை, பல் லேபில் நாள் முழுக்க நிற்கிற நிற்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று பதினாறு வருடம் போய்விட்டது. முதல் மூன்று பிறந்தநாளுக்கு அண்ணன் புதுக் கம்பி செட் வாங்கிக் கொடுத்தான். அப்புறம் அவனும் நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு குழுவில் சேர்ந்து வாசிக்கப் போனான்.

மூன்றாவது வாரம், அண்ணி வீட்டுக்குப் போனபோது அந்தக் குழுவின் மாஸ்டர் வந்திருந்தார். வீட்டு மாடியில் கிடார் வகுப்பு நடத்துகிறவர். ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். ஒரு கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு அண்ணியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி. உங்க அண்ணனுக்காக நினைவுக் கூட்டம் ஒண்ணு வைக்கிறோம், இன்னும் அஞ்சு வாரத்துல. கடைசிப் பாட்டு அவரோட 'நிக்காத பஸ்'. ஒலிப்பதிவுக்கும் ஆள் வர்றாங்க. இனிமே அந்தப் பாட்டுன்னா இந்தப் பதிவுதான் நிக்கும்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். 'போச்சு'வுக்கு மேல் தெளிவாக 'ஈ மைனர்' என்று இருந்தது.

"மாஸ்டர், இங்க வேற ஒண்ணு வரணும்."

மாஸ்டர் சங்கடமாகச் சிரித்தார். "தெரியும்மா. அவர் வாசிக்கும்போதெல்லாம் அந்த இடத்துல நான் என் சத்தத்தைக் குறைச்சுக்குவேன். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'அது எங்க குடும்ப விஷயம் மாஸ்டர்'னு சிரிப்பார். ஆனா இலக்கணப்படி அது தப்பு. அவர் இருந்தப்ப சரி. இப்ப பதிவுல தப்போட போனா, கேக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நான்தான் சரிபண்ணச் சொன்னேன்" என்றாள் அண்ணி. "போன தடவை ஒரு ஆபீஸ் விழாவுல பாடினப்ப, எனக்கு முன்னாடி உக்காந்திருந்த ரெண்டு பேர் அந்த இடத்துல ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சாங்க. நான் பாத்தேன். அவர் பாக்கல. இனிமே அவரை யாரும் பாத்துச் சிரிக்க வேண்டாம்."

அண்ணி சொன்னதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. குற்றம் சொல்ல முடியாதபடி, எல்லாருமாகச் சேர்ந்து, அன்போடு, அண்ணனைத் துடைத்து எடுக்கிறார்கள்.

"நான் வாசிக்கிறேன்" என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீயா? கிடாரைத் தொட்டு எத்தனை வருஷமாச்சு?" என்றாள் அண்ணி.

"பதினாறு."

"அஞ்சு வாரம்தாம்மா இருக்கு" என்றார் மாஸ்டர், இரக்கத்தோடு. "மூணாவது சனிக்கிழமை ஒத்திகை. தாளம் தப்பாம முழுப் பாட்டும் வாசிச்சீங்கன்னா நீங்க வாசிங்க. இல்லேன்னா நான் எழுதினபடி நானே வாசிச்சுடுறேன். சரியா?"

"சரி. ஆனா நான் வாசிச்சா எங்க வீட்டு வழக்கப்படிதான் வாசிப்பேன்."

அலமாரிக்கு மேலிருந்து கிடாரைக் கணவர்தான் இறக்கிக் கொடுத்தார். உறையைப் பிரித்ததும் தும்மினார். "உள்ள யாரோ குடியிருக்காங்க போல."

கம்பிகள் துருவேறி இருந்தன. இழுப்பறையில் கிடந்த மூன்று செட்டில் ஒன்று இன்னும் பளபளப்பு மாறாமல் இருந்தது; அதைப் போட்டாள். பெரியப்பா மட்டும் ஒருவழியாக வந்தார். அத்தை கரகரத்தாள். மச்சான் எப்போதும்போலக் கைக்கு வரவில்லை. பத்து நிமிடத்தில் விரல்நுனிகள் எரிந்தன. கொதிக்கிற மெழுகும் சூட்டுக் கத்தியும் பழகிய விரல்கள்தான். ஆனாலும் இந்த எரிச்சல் வேறு. ஒரு காலத்தில் அவளிடம் இருந்து, அவளே தொலைத்த, கம்பியில் காய்த்த தோலுக்கான எரிச்சல் அது.

தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, வேலைக்குக் கிளம்பும் வரை வாசித்தாள். முதல் வாரம் கொப்புளம். இரண்டாம் வாரம் கொப்புளத்துக்குள் கொப்புளம்.

"சமையலறையில மிக்ஸி ஓடுதுன்னு நெனச்சேன்" என்று கணவர் ஒரு காலையில் எட்டிப் பார்த்தார்.

"பிடிக்கலேன்னா காதைப் பொத்திக்கோங்க."

"பொத்திட்டுத்தான் சொல்றேன்."

கம்பிகள் மரத்திலிருந்து வெகு உயரத்தில் நின்றன. அழுத்துவதற்கே பாதி உயிர் போயிற்று. கீழே கம்பிகளைத் தாங்கும் வெள்ளை எலும்புத் துண்டைக் கழற்றி, கைக்குட்டையில் மடித்து லேபுக்குக் கொண்டுபோனாள். மதிய இடைவேளையில் பல் ராவுகிற மெஷினில் பிடித்து, கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராகத் தேய்த்தாள். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

"இது யாரோட பல்லும்மா, இவ்வளவு நீளம்?"

"எங்க அண்ணனோடது சார்."

நல்ல வெளிச்சம் வரட்டும் என்று அவர் ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் போனார்.

மூன்றாவது சனிக்கிழமை, மாஸ்டரின் மாடியில் ஒத்திகை. குழுவின் டிரம்ஸ்காரர்தான் பாடினார். அவள் இடது கை நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். வாசிக்கத் தொடங்கும் முன் ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். மச்சான் வர வேண்டிய இரண்டு இடத்திலும் பாதிதான் வந்தார். ஆனால் தாளம் தப்பவில்லை. 'போச்சு' வந்தபோது மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். முதல் கம்பி சுருக்கென்று கடித்தது.

மாஸ்டர் கையைத் தூக்கினார். "மத்ததெல்லாம் சரி. நான் வாக்குக் கொடுத்துட்டேன், நீங்கதான் வாசிக்கிறீங்க. அந்த ஒரு விரலை மட்டும் எடுத்துடுங்கம்மா. எடுத்தா உங்களுக்கும் சுலபம்."

மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணி, "கேளு, அவர் நல்லதுக்குத்தான் சொல்றார்" என்றாள்.

அவள் கிடாரை மடியில் படுக்கப்போட்டாள். "அண்ணி, போன வருஷம் ஒரு பெரியவருக்கு மேல்வரிசை செட் செஞ்சேன். பழைய போட்டோ கொடுத்திருந்தாங்க. முன்பல் ஒண்ணு கோணல், பக்கத்துப் பல் மேல ஏறி நிக்கும். டாக்டர் நேரா வைக்கச் சொல்லி எழுதியிருந்தார். நானும் வரிசையா, முத்து மாதிரி வச்சு அனுப்பினேன். மூணாம் நாள் திரும்பி வந்துருச்சு."

"ஏன், கடிக்க முடியலையா?"

"நல்லாத்தான் கடிச்சிருக்கார். அவங்க வீட்டம்மாதான் திருப்பி அனுப்பினாங்க. 'இந்த மனுஷன் சிரிச்சா எனக்கு யாருன்னே தெரியல'ன்னு சொன்னாங்களாம். கோணலா வச்சுக் கொடுத்தேன்."

டிரம்ஸ்காரர் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அண்ணி சிரிக்கவில்லை.

"அது அவங்க வீட்டுக்குள்ள சிரிக்கிறது. இது சபை. சபையில சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் அண்ணி. அண்ணனுக்கு அது தப்புன்னு இருபது வருஷத்துக்கு மேல தெரியும். தெரிஞ்சேதான் வாசிச்சான். தெரியாம செஞ்சவனைத்தான் நாம மூடி மறைக்கணும்."

அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கணவருக்கு அது இருபது வருடமாகவே தெரியும் என்பது அண்ணிக்குப் புதிய செய்தி. எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். "பிடிவாதம் உங்க வீட்டு ரத்தத்துலயே இருக்கு. என்னமோ செய்ங்க. ஆனா சிரிப்புச் சத்தம் கேட்டா நான் எழுந்து போயிடுவேன்."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "நானும் கூட வாசிப்பேன் தங்கச்சி. நான் சரியானதைத்தான் வாசிப்பேன். என்னால தப்பா வாசிக்க முடியாது."

"வாசிங்க. யார் சத்தம் பெருசுன்னு பாப்போம்."

கூட்டத்தன்று அரங்கில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேர் அண்ணன் மெஷின் பழுதுபார்த்த அலுவலகங்களிலிருந்து வந்தவர்கள். அண்ணி முதல் வரிசையில், நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் சின்ன மாமா, பாதி நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்து பக்கத்தில் இருப்பவரிடம் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு. பெரியப்பா முழங்கினார், சித்தி இசைந்தாள். விரல்நுனிகள் காய்த்துக் கெட்டியாகியிருந்தன, வலி இல்லை. முதல் 'போச்சு' வந்தது. அவள் கம்பியை இழுத்த அதே நொடியில் மாஸ்டர் சுத்தமான ஈ மைனரை வாசித்தார். இரண்டும் மோதின. சரியானதன் பக்கத்தில் வைத்தபோது தப்பு இன்னும் தப்பாகக் கேட்டது. நான்காவது வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இரண்டு மூன்று தலைகள் திரும்பின.

அண்ணி எழுந்து நின்றாள்.

மேடையிலிருந்து அவள் அதைப் பார்த்தாள். தாளம் ஒரு கணம் நொண்டியது, பிடித்துக்கொண்டாள். இரண்டாவது சரணம் ஓடியது. ஆள்காட்டி விரலை முதல் கம்பியிலிருந்து எடுத்துவிட்டால் போதும், சிரிப்பு நின்றுவிடும், அண்ணி உட்கார்ந்துவிடுவாள், பதிவும் பழுதில்லாமல் போகும். விரல் மிக இலேசாக இருந்தது. எடுப்பதற்கு ஒரு முயற்சியும் தேவையில்லை.

எடுக்கவில்லை. இரண்டாவது 'போச்சு'வில் சேர்த்து இழுப்பதற்குப் பதிலாக ஒவ்வொரு கம்பியாக, நின்று நிதானமாக மீட்டினாள். ஆறு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. கைதவறிப் பட்டது என்று ஒருவரும் நினைத்துவிடக் கூடாது. கடைசியில் முதல் கம்பியை எல்லாவற்றையும்விட ஓங்கி அடித்தாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டரின் பக்கத்திலிருந்து சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கிக்கொண்டு, தலை குனிந்திருந்தார்.

பின்வரிசை அலுவலகக்காரர் ஒருவர், "அது, அது! அவர் வாசிக்கிறது இதுதான்!" என்றார் உரக்க. யாரோ அவரை அதட்டி அடக்கினார்கள்.

அண்ணி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். வாசலைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. மூன்றாவது 'போச்சு'வை நின்றபடியே கேட்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் கிடாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி மேடையேறி வந்தாள். அவள் இடது கையைப் பிடித்துத் திருப்பி, காய்த்த நுனிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "அவருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றாள். "நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்" என்றும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மாஸ்டர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "தங்கச்சி, ஒண்ணு சொல்லட்டுமா? மனசுல வச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க மாஸ்டர்."

"பதிவு அப்படியே போகட்டும், ஒண்ணும் வெட்டச் சொல்ல மாட்டேன். ஆனா அது தப்புத்தான்."

"தெரியும் மாஸ்டர்."

அவர் சொன்னது சரிதான். ஈ மைனரில் அந்த ஸ்வரம் சேராது. சேர்ந்ததே இல்லை.